சுவரில் தொங்கிய மயில்

இருநூறு கிராம் எடையுள்ள ஒரு பொருளை, ஐந்து கிலோ எடையைத் தாங்கக்கூடிய நூலில் கட்டி, அசையாத ஆணி ஒன்றில் மாட்டுகிறோம். அது கீழே விழுமா? "விழாது" என்றுதான் உடனே சொல்வீர்கள். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அது விழுந்தது. ஏன் விழுந்தது என்று கண்டறிய எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் தேவைப்பட்டது.

பொருள் வேறொன்றுமில்லை, ஒரு மரமயில். என் அக்காள் மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து, நான்கு மில்லிமீட்டர் கனமே உள்ள தேக்குப் பலகையில் மயில் ஒன்றை வரைந்து, மெல்லிய அலகு பூட்டிய சிறு வாளால் தோகையின் கண்களையெல்லாம் வெட்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, முன்பக்கம் வார்னிஷ் பூசியிருந்தான். அகலம் 25 சென்டிமீட்டர், உயரம் 40 சென்டிமீட்டர். மளிகைக் கடைத் தராசில் நிறுத்தபோது சரியாக 200 கிராம் இருந்தது.

அதை என் வீட்டுக் கூடத்தில் மாட்டுவதாக முடிவாயிற்று. பின்பக்கம் இரண்டு சிறு மரக்கட்டைகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வளைய ஆணியைத் திருகினோம். இரு வளையங்களுக்கும் இடையே 20 சென்டிமீட்டர். முறுக்கிய பருத்தி நூலை இரு வளையங்களிலும் கட்டினோம்.

"மாமா, நூலும் ஆணியும் வெளியில் தெரியக் கூடாது" என்றான் அவன்.

"அப்படியானால் நன்றாக விறைப்பாக இழுத்துக் கட்டு" என்றேன் நான்.

அன்று இரவு நல்ல மழை. விடியற்காலையில் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், மயில் மேலிருந்து கீழாக இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. ஆணி சுவரில் அப்படியே இருந்தது. நூல் அறவில்லை, முடிச்சுகூட அவிழவில்லை. பலகைதான் நடுவில் பிளந்திருந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. ஏனெனில் "இழுத்துக் கட்டு" என்று சொன்னவன் நான்தானே!

துப்பறியும் கதைகளில் வருவதுபோல, குற்றவாளியைத் தேடிப் புறப்படுவோம்.

கொடிக்கயிறு கற்பிக்கும் பாடம்

வீட்டில் துணி உலர்த்தும் கொடியைப் பார்த்திருப்பீர்கள். ஈர வேட்டி ஒன்றை அதன் நடுவில் போட்டால் கயிறு தொய்கிறது. தொய்வே இல்லாமல் கயிற்றை நேராக இழுக்க முடியுமா? இரண்டு பலசாலிகள் இரு பக்கமும் இழுத்தாலும் முடியாது. கயிறு முழுக்க முழுக்கக் கிடைமட்டமாக இருந்தால், அதன் இழுவிசையும் கிடைமட்டமாகவே இருக்கும். வேட்டியின் எடையோ கீழ்நோக்கிச் செயல்படுகிறது. அதைச் சமன் செய்ய மேல்நோக்கிய விசை எங்கிருந்து வரும்? கயிறு சற்றேனும் சாய்ந்திருந்தால்தான் இழுவிசையின் ஒரு கூறு மேல்நோக்கிக் கிடைக்கும்.

நம் படமும் இதே கதைதான், தலைகீழாக. நடுவில் ஆணி, இரு பக்கமும் நூல் சரிந்து வந்து வளையங்களைப் பிடிக்கிறது. நூல் கிடைக்கோட்டுடன் ஏற்படுத்தும் கோணத்தை 'அ' என்போம். நூலின் இழுவிசை T, படத்தின் எடை W. இரு பக்க நூல்களும் சேர்ந்து எடையைத் தாங்குவதால்,

2 × T × சைன் அ = W

என்று ஆகிறது. இதைப் பயன்படுத்தி, 200 கிராம் எடையும் 20 செ.மீ. இடைவெளியும் உள்ள நம் மயிலுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கோணம் 60° (நூலின் நீளம் 40 செ.மீ.): இழுவிசை 115 கிராம் எடை
கோணம் 45° (நீளம் 28.3 செ.மீ.): இழுவிசை 141 கிராம் எடை
கோணம் 30° (நீளம் 23.1 செ.மீ.): இழுவிசை 200 கிராம் எடை
கோணம் 10° (நீளம் 20.31 செ.மீ.): இழுவிசை 576 கிராம் எடை
கோணம் 5° (நீளம் 20.08 செ.மீ.): இழுவிசை 1,147 கிராம் எடை

கடைசி வரியைக் கவனியுங்கள். நாங்கள் கட்டியது ஏறத்தாழ இந்த அளவில்தான். 200 கிராம் படத்தைத் தாங்க, நூல் ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட விசையுடன் இழுத்துக்கொண்டிருந்தது! இன்னும் மூன்று செ.மீ. நூல் அதிகம் விட்டிருந்தால் கோணம் 30° ஆகி, இழுவிசை ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்திருக்கும். மூன்று செ.மீ. நூலுக்கு ஆசைப்பட்டுப் படத்தை இழந்தோம்.

மின்கம்பங்களுக்கு இடையே கம்பிகளைத் தொய்வாக விட்டிருப்பதன் காரணமும் இப்போது உங்களுக்குப் புரியும். அது வேலையாட்களின் சோம்பல் அன்று. குளிர்ந்த இரவில் கம்பி சுருங்கும்போது இழுவிசை எல்லை மீறாதிருக்கப் பொறியாளர்கள் கணக்கிட்டு விடும் தொய்வு அது.

வில்லும் நாணும்

ஆனால் நூல் அறவில்லையே, பலகை ஏன் பிளந்தது? நூல் வளையத்தை மேல்நோக்கி மட்டுமா இழுக்கிறது? உள்நோக்கியும் இழுக்கிறது. கோணம் 5° ஆக இருக்கும்போது, 1,147 கிராம் இழுவிசையில் சுமார் 1,143 கிராம் உள்நோக்கிய கூறாகவே செலவாகிறது! இடது வளையத்தை வலப்புறமாகவும், வலது வளையத்தை இடப்புறமாகவும் நூல் இழுக்கிறது. வளையங்களோ பலகைக்கு ஒரு செ.மீ. பின்னால் உள்ளன. ஆகவே பலகையின் பின்பக்கம் நெருக்கப்படுகிறது. முன்பக்கம் புடைத்து விரிகிறது.

இந்த அமைப்பை நீங்கள் வேறெங்கோ பார்த்திருக்கிறீர்கள். மூங்கிலை வளைத்து, இரு முனைகளையும் நாணால் இழுத்துக் கட்டினால் என்ன கிடைக்கும்? வில்! நாங்கள் படம் மாட்டவில்லை, வில் ஒன்றில் நாண் ஏற்றினோம். மூங்கில் வளையும்; மயில் பிளந்தது.

பலகை மெல்லியதாக இருந்ததும் ஒரு காரணம். பலகையொன்றின் வளையா உறுதி அதன் கனத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. கனம் இரு மடங்கானால் உறுதி எட்டு மடங்காகும். எனவே எட்டு மி.மீ. பலகையில் வேலை செய்திருந்தால், அதே விசைக்கு எட்டில் ஒரு பங்கே வளைந்திருக்கும்.

அடுத்தது இழையோட்டம். மரம் என்பது இலட்சக்கணக்கான நுண்குழல்கள் ஒட்டி அமைந்த கற்றை. அதை இழைவாக்கில் இழுத்து அறுப்பது மிகக் கடினம். இழைக்குக் குறுக்காக இழுத்தால் பக்கத்துப் பக்கத்துக் குழல்கள் பிரிந்துவிடும். குறுக்குவாட்டு இழுவலிமை நெடுக்குவாட்டு வலிமையில் இருபதில் ஒரு பங்கு, சில மரங்களில் அதற்கும் குறைவு. விறகு பிளப்பவர் கோடரியை எந்தத் திசையில் போடுகிறார் என்று பாருங்கள், புரிந்துவிடும். எங்கள் மயிலில் இழைகள் மேலிருந்து கீழாக ஓடின. நூலின் இழுப்போ குறுக்குவாட்டில். முன்பக்கம் புடைத்தபோது இழைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன. தோகையின் கண்களுக்காக வெட்டிய துளைகள் விரிசலுக்கு வழிகாட்டின. அஞ்சல் தலைகளுக்கு நடுவே துளைகள் இட்டு, கிழிக்கும் வழியை முன்கூட்டியே காட்டியிருப்பார்கள் அல்லவா, அதுபோல.

மழை செய்த வேலை

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மாலையில் மாட்டும்போது பிளக்காத பலகை, விடியற்காலையில் ஏன் பிளந்தது?

மரம் வெட்டப்பட்ட பின்னும் நீரைக் குடிப்பதையும் கக்குவதையும் நிறுத்துவதில்லை. சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் கூடினால் மரத்தின் செல் சுவர்கள் நீரை ஏற்று உப்புகின்றன. காற்று வறண்டால் நீரை இழந்து சுருங்குகின்றன. ஐப்பசி மாதத்தில் கதவு நிலையில் சிக்கிக்கொள்வதும், சித்திரையில் தானாகவே சரியாகிவிடுவதும் இதனால்தான்.

இந்த உப்பலிலும் திசை வேறுபாடு உண்டு. இழைவாக்கில் மரம் நீளுவது மிகமிகக் குறைவு. குறுக்குவாட்டில் நீளுவதே அதிகம். தேக்கு மற்றப் பல மரங்களைவிட அடக்கமானது. ஆயினும் அதன் நீர் அளவு ஒரு சதவீதம் கூடினால், ஆண்டு வளையங்களின் போக்கில் அதன் அகலம் சுமார் 0.2 சதவீதம் கூடும். ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கான திசையில் இதில் பாதியளவு.

இப்போது கணக்கிடுங்கள். மழை இரவில் பலகையின் நீர் அளவு இரண்டு சதவீதம் கூடியது என்று கொள்வோம். மெல்லிய பலகை, பின்பக்கம் வார்னிஷ் இல்லை. ஆகவே இது நடக்கக் கூடியதே. வளையங்களுக்கு இடையேயான 20 செ.மீ. தூரம் 0.4 சதவீதம், அதாவது 0.8 மி.மீ. கூடும். நூலின் நீளம் எவ்வளவு? 20.08 செ.மீ. அதாவது நூலில் இருந்த தளர்வும் 0.8 மி.மீ.தான்! தளர்வு முழுவதும் தீர்ந்து, நூல் நேர்க்கோடாகிவிட முயல்கிறது. கோணம் பூச்சியத்தை நெருங்கும்போது, நம் சமன்பாட்டின்படி இழுவிசை எல்லையின்றி உயர வேண்டும். உண்மையில் நூல் சற்று நீண்டுகொடுக்கும், பலகை சற்று வளைந்துகொடுக்கும். அதனால் எல்லையின்றி உயராது. ஆனால் மயிலைப் பிளக்கப் போதுமான அளவு உயர்ந்துவிட்டது.

போதாக்குறைக்கு, முறுக்கிய பருத்தி நூல் ஈரம் பட்டால் சுருங்கும். நூலின் இழைகள் நீரை ஏற்றுப் பருக்கின்றன. பருத்த இழைகளைச் சுற்றி வரும் முறுக்கு அதிக நீளத்தைக் கேட்கிறது. ஆகவே மொத்த நூல் குறுகுகிறது. பலகை விரிய, நூல் சுருங்க, நடுவில் அகப்பட்டது மயில்.

குற்றவாளிகள் மூவர்: தாழ்ந்த கோணம், குறுக்கு இழை, மழை ஈரம். எடை குற்றவாளி அன்று. மெல்லிய மரவேலைகளை உடைப்பது பெரும்பாலும் அவற்றின் எடை அல்ல. நாம் அவற்றைக் கட்டிப்போடும் விதமே.

பாரிஸ் நகரத்துப் பலகை

இந்தத் தவற்றைச் செய்தவன் நான் மட்டுமல்லன் என்பதில் எனக்குச் சிறிது ஆறுதல். ஐரோப்பாவின் பழைய ஓவியங்களில் பல, துணியில் அல்லாமல் மரப்பலகையில் வரையப்பட்டவை. உலகப் புகழ்பெற்ற மோனாலிசாவும் அவ்வாறே. லியொனார்டோ டாவின்சி அதைப் பாப்லர் மரத்தின் ஒற்றைப் பலகையில் வரைந்தார். உயரம் 77 செ.மீ., அகலம் 53 செ.மீ., கனம் ஒன்றேகால் செ.மீ. அளவே. ஐந்நூறு ஆண்டுகளில் அப்பலகை முன்பக்கமாகச் சற்றுப் புடைத்துவிட்டது. மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, இழைவாக்கில், சுமார் 11 செ.மீ. நீளத்துக்குப் பழைய விரிசல் ஒன்றும் உள்ளது.

இத்தகைய பலகைகளை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செப்பனிட்டவர்கள், 'வளைகிறதே, நிமிர்த்திவிடுவோம்' என்று எண்ணி, பல ஓவியங்களின் பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களைப் பொருத்தினார்கள். குறுக்குச் சட்டங்கள் நகரும்படியாகத்தான் அமைத்தார்கள். ஆனால் நாளடைவில் அவை சிக்கிக்கொண்டன. பலகை சுருங்க வேண்டியபோது சுருங்க இடமில்லை. விளைவு, பல ஓவியங்கள் புதிதாக வெடித்தன. காப்பாற்ற வந்த சட்டமே காலனாகியது.

இன்று அருங்காட்சியகங்கள் வேறு வழியைப் பின்பற்றுகின்றன. பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசாவின் பலகை, ஓக் மரச்சட்டத்துக்குள் பின்பக்கக் குறுக்குச் சட்டங்களால் மெல்ல அணைத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது, இறுக ஒட்டப்படவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் ஈரப்பதமும் வெப்பநிலையும் மாறாமல் காக்கப்படுகின்றன.

நம் நாட்டுத் தஞ்சாவூர் ஓவியங்களும் மரபாகப் பலகையின்மீது துணி ஒட்டித் தீட்டப்படுபவையே. 'பலகைப் படம்' என்றே அவற்றுக்குப் பெயர். உங்கள் வீட்டில் பழைய படம் ஒன்று இருந்தால், ஈரம் ஊறும் சுவரில் அதை மாட்டாதீர்கள்.

மாட்டும் வழிகள்

இனி, மெல்லிய மரவேலையைச் சுவரில் மாட்டும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

முதல் வழி, ஓர் ஆணியும் ஒரு நூலும். எல்லோரும் அறிந்தது. கோணம் 45°க்குக் குறையாமல் நூலைத் தாராளமாக விட்டால் தவறில்லை. ஆனால் 45° ஆனாலும், எடையில் பாதியளவு உள்நோக்கிய இழுப்பு இருந்தே தீரும். தவிர, கதவைச் சாத்தும் அதிர்ச்சியில் நூல் ஆணியின்மேல் வழுக்கிப் படம் கோணலாகும்.

இரண்டாம் வழி, இரண்டு ஆணிகளும் இரண்டு நூல்களும். ஒவ்வொரு வளையத்துக்கும் நேர் மேலே ஓர் ஆணி. ஒவ்வொன்றிலும் தனித்தனி நூல், செங்குத்தாக. இங்கே கோணம் 90°. உள்நோக்கிய இழுப்பு பூச்சியம். படம் சமச்சீரானதாக இருந்தால், ஒவ்வொரு நூலும் 100 கிராம் தாங்கும். பலகை மழையில் ஒரு மி.மீ. விரிந்தால்? நூல்கள் இம்மியளவு சாயும், அவ்வளவே. செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை.

மூன்றாம் வழி, நூலே இல்லாமல் பலகைத் துளையை நேராக ஆணியில் மாட்டுவது. இதில் ஒரு நுட்பம் தேவை. இரண்டு துளைகளும் ஆணியை இறுகப் பிடித்தால், பலகை விரியவோ சுருங்கவோ முடியாது. ஆகவே ஒன்றை வட்டத் துளையாகவும், மற்றொன்றைக் கிடைமட்டமான நீள்துளையாகவும் அமைக்க வேண்டும். இரும்புப் பாலங்களில் உத்தரத்தின் ஒரு முனையை நிலையாகவும், மறுமுனையை உருளைகளின்மீதும் அமைப்பதும் இதே தத்துவம்தான். அங்கே வெயில், இங்கே ஈரம். துளை விளிம்பிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளியே இருக்கட்டும், இழைகள் கிடைமட்டமாக ஓடும் பலகையில் இரு துளைகளையும் ஒரே இழைக்கோட்டில் போடாதீர்கள்.

நான்காம் வழி, தச்சர்கள் கையாளும் சாய்வெட்டுச் சட்டங்கள். ஒரு மரச்சட்டத்தை நீளவாக்கில் 45° சாய்வாக இரண்டாக அறுக்க வேண்டும். ஒன்றைச் சாய்வு மேல்நோக்கியும் சுவரை நோக்கியும் இருக்கும்படி சுவரில் திருக வேண்டும். மற்றதைத் தலைகீழாகப் படத்தின் பின்னால் பொருத்த வேண்டும். மேலிருந்து இறக்கினால் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல் பொருந்தும். படத்தின் எடையே அதைச் சுவரை நோக்கித் தள்ளும். எடை ஒரு புள்ளியில் இல்லாமல் சட்டத்தின் நீளம் முழுவதும் பரவுகிறது. கனமான படங்களுக்கு மிகச் சிறந்தது. மெல்லிய பலகைக்கானால், இழைக்குக் குறுக்காக அச்சட்டத்தை முழுநீளத்துக்கும் ஒட்டிவிடாதீர்கள்; நடுவில் மட்டும் ஒட்டினால் போதும். பழைய ஓவியங்களுக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும்.

ஐந்தாம் வழி, தொங்கவிடாமல் தாங்குவது. காடி வெட்டிய ஒரு குறுகிய சட்டத்தைச் சுவரில் பொருத்தி, அதன்மீது படத்தை நிறுத்தி, மேல் விளிம்பை ஒரு தளர்ந்த கொக்கியால் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு மி.மீ. கனமே உள்ள மிக நுண்ணிய வேலைப்பாடுகளுக்கு இதுவே ஏற்றது. ஏனெனில் பலகையில் துளையோ திருகோ வேண்டியதில்லை.

ஆறாம் வழி, இரு பக்கமும் பசையுள்ள ஒட்டு நாடா. ஆணியே வேண்டாமே என்று இதை நாடத் தோன்றும். நாடாவைச் சுவரின் போக்கில் கீழ்நோக்கி இழுத்தால் நன்றாகத் தாங்கும். ஒரு மூலையிலிருந்து உரித்தால் எளிதில் வந்துவிடும். ஏனெனில் உரிக்கும்போது விசை முழுவதும் ஒரு மெல்லிய கோட்டில் குவிகிறது. ஈரத்தில் வளையும் பலகை, நாடாவை மூலைகளிலிருந்து உரிக்கத்தான் செய்யும். மேலும் நாடா ஒட்டுவது சுவரில் அன்று, சுவரின்மேல் உள்ள சுண்ணாம்பில். சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால் நாடா எவ்வளவு வலியதாயினும் பயனில்லை. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே.

எடையின் நடுப்புள்ளி

எல்லா மரவேலைகளும் சமச்சீராக இருப்பதில்லை. மயிலின் தோகை ஒருபுறம் பரந்து, தலை மறுபுறம் சிறுத்திருந்தால் ஈர்ப்பு மையம் நடுவில் இராது. அத்தகைய படத்தை நடுவில் ஒற்றை ஆணியில் மாட்டினால், ஈர்ப்பு மையம் ஆணிக்கு நேர் கீழே வரும்வரை அது சாயும்.

ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிக்கும் முறை உங்கள் பாடப் புத்தகத்திலேயே உள்ளது. பலகையின் ஓரத்திலுள்ள ஒரு துளையில் மெல்லிய ஊசியைச் செருகித் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அதே ஊசியில் ஒரு குண்டுநூலையும் தொங்கவிட்டு, நூல் செல்லும் வழியைப் பின்பக்கம் பென்சிலால் குறியுங்கள். இன்னொரு துளையிலிருந்து மீண்டும் செய்யுங்கள். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே ஈர்ப்பு மையம்.

அந்தப் புள்ளி இடது வளையத்திலிருந்து 8 செ.மீ., வலது வளையத்திலிருந்து 12 செ.மீ. தூரத்தில் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். திருப்புதிறன் விதிப்படி இடது நூல் 120 கிராமும், வலது நூல் 80 கிராமும் தாங்கும். சுமை சமமில்லை, ஆயினும் படம் நேராகவே நிற்கும். இரண்டு ஆணி முறையின் இன்னொரு நன்மை இது.

வளையங்கள் எப்போதும் ஈர்ப்பு மையத்துக்கு நன்கு மேலே இருக்கட்டும். பலகையின் மேல் மூன்றில் ஒரு பகுதி பொருத்தமானது. நடுப்பகுதிக்கு அருகில் வைத்தால் படம் முன்னால் தலை கவிழும். மையத்துக்குக் கீழே வைத்தாலோ குப்புற விழுந்துவிடும்.

ஆணியும் சுவரும்

ஆணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவரின் மேற்பூச்சு பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. கனம் இருக்கும். ஓர் அங்குல ஆணியில் பாதிக்கு மேல் அந்தப் பூச்சிலேயே நின்றுவிடும். ஆகவே இரண்டு அங்குல ஆணியை, தலை சற்று மேல்நோக்கி இருக்கும்படி அடியுங்கள். படத்தைச் சுவரை ஒட்டி மாட்டுங்கள். ஆணியின் நுனியில், சுவரிலிருந்து நான்கு செ.மீ. தள்ளி மாட்டினால், ஒரு செ.மீ. தூரத்தில் மாட்டுவதைப்போல் நான்கு மடங்கு திருப்புதிறன் ஆணியைப் பெயர்க்கப் பார்க்கும்.

ஆணி பிடிக்காத சுவரில் துளையிட்டு, மரக்கட்டையை இறுக அடித்து, அதில் திருகாணி பொருத்துவது பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயர், கட்டைக்குப் பதில் சணல் நாராலான சிறு குழலைச் செருகும் முறையைக் கொண்டுவந்தார். திருகாணி உள்ளே செல்லச் செல்லக் குழல் விரிந்து துளையின் சுவரை நெருக்குகிறது. நெருக்கம் கூடக் கூட உராய்வும் கூடுகிறது. மின்பணியாளர்கள் 'ரால் பிளக்' என்று சொல்வது இதைத்தான். இன்று அது நைலானிலும் மற்றப் பிளாஸ்டிக்குகளிலும் கிடைக்கிறது.

மீண்டும் மயில்

எங்கள் மயிலுக்கு வருவோம். பிளவு இழைவாக்கில் சுத்தமாக இருந்ததால், தச்சுப் பசை தடவி, இரவு முழுவதும் நெருக்கி வைத்து ஒட்ட முடிந்தது. இம்முறை பின்பக்கமும் வார்னிஷ் பூசினோம். ஒரு பக்கம் மட்டும் பூசினால், பூசாத பக்கம் மட்டும் ஈரம் குடித்து உப்பும். பலகை கிண்ணம்போல் குழியும். இரு பக்கமும் பூசினால் ஈரம் மெதுவாகவும் சமமாகவும் ஏறும்.

வளையங்களை மேல் விளிம்பிலிருந்து பத்து செ.மீ. கீழே பொருத்தினோம். இரண்டு ஆணிகள், ஐந்து செ.மீ. நீளத்தில் இரண்டு செங்குத்து நூல்கள். எல்லாம் தோகையின் முழுப்பகுதிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. கீழ் மூலைகளில் புட்டித் தக்கையைச் சீவி இரண்டு வில்லைகள் ஒட்டினோம். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு செ.மீ. இடைவெளி கிடைத்தது. காற்று பின்பக்கமும் போய்வரும். சுவரின் ஈரம் நேராகப் பலகையில் ஏறாது.

மாட்டி முடித்ததும் பையன் தள்ளி நின்று பார்த்தான். "நூல் தெரியவில்லை மாமா" என்றான். பிறகு, "முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாமே?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இருபது ஆண்டுகளாக விசைகளின் சமநிலையைக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். மரப்பலகையில் அதைப் பார்க்கத் தவறிவிட்டேன் என்றுதான் அவனிடம் சொன்னேன். அதன்பின் மழைக்காலங்கள் வந்து போயின. உற்றுப் பார்த்தால் பிளவின் கோடு மெல்லியதாகத் தெரியும். மயில் சுவரிலேயே இருக்கிறது.

செய்து பாருங்கள்

1. ஆய்வகத்தில் இரண்டு சுருள்வில் தராசுகளை வாங்கி, அவற்றின் கொக்கிகளை ஒரு நூலால் இணையுங்கள். நூலின் நடுவில் 200 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். தராசுகளை அருகருகே பிடித்துத் தொடங்கி, மெல்ல மெல்ல விலக்குங்கள். கோணமானியால் கோணத்தை அளந்து, தராசு காட்டும் அளவை மேலே தந்த கணக்குடன் ஒப்பிடுங்கள். நூல் நேராவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். தராசின் சுருள்வில் கெட்டுவிடும்.

2. பழைய அஞ்சலட்டை ஒன்றின் ஒரு பக்கத்தில் மட்டும் ஈரப் பஞ்சால் தடவுங்கள். அட்டை எப்பக்கம் வளைகிறது? காய்ந்தபின் என்ன ஆகிறது? ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் பூசிய பலகையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. முறுக்கிய பருத்தி நூல் ஒன்றில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கல்லின் நிலையைச் சுவரில் குறியுங்கள். நூலை நனைத்தபின் மீண்டும் குறியுங்கள். கல் ஏறியதா, இறங்கியதா?

சிந்தியுங்கள்

ஒட்டுப்பலகையில் மெல்லிய மரத் தகடுகளை ஒன்றுக்கு ஒன்று இழை குறுக்காக இருக்கும்படி ஒட்டியிருப்பார்கள். தகடுகளின் எண்ணிக்கையும் வழக்கமாக மூன்று, ஐந்து என ஒற்றைப்படையாகவே இருக்கும். எங்கள் மயில் ஒட்டுப்பலகையில் செய்யப்பட்டிருந்தால் அன்றைய மழை இரவைத் தாங்கியிருக்குமா? தகடுகள் நான்காக இல்லாமல் மூன்றாகவோ ஐந்தாகவோ இருப்பது ஏன்? இந்தக் கட்டுரையில் படித்ததைக் கொண்டே உங்களால் விடை காண முடியும்.